லேபிளை மறைத்தார்கள், நாக்குகள் மாட்டிக்கொண்டன!

விருதுநகர் பஜாரில் ஒரு மூட்டைச் சரக்கை வாங்க, அதைப் பிரித்துக் கொட்ட வேண்டியதில்லை. குத்தூசியால் சாக்கில் ஒரு குத்து. உள்ளே இருக்கும் மல்லியோ, துவரையோ உள்ளங்கைக்கு வந்துவிடும். வியாபாரி அதைப் பார்ப்பார். கசக்குவார். மோந்து பார்ப்பார். இரண்டை வாயில் போடுவார். விலையைச் சொல்லிவிடுவார்.

மிளகாய் வத்தல் என்றால் காதுக்கும் வேலை உண்டு. குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். நல்லெண்ணெய் என்றால் புறங்கையில் ஒரு சொட்டைத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோவார். காறல் வாடை வந்தால் பேரம் அதோடு முடிந்தது.

பிரான்சு நாட்டிலும் இப்படிப்பட்ட ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் மதிப்பிடும் சரக்கு வேறு. அது பழைய சிவப்பு ஒயின். அதாவது, திராட்சைச் சாற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் மது.

அந்த மதுவில் சில புட்டிகள் லட்சக்கணக்கான ரூபாய்க்கு விலை போகின்றன. 20 வருஷம், 50 வருஷம், 100 வருஷம் ஆன புட்டிகள். அதன் தரத்தைச் சொல்வது யார்? ஒரு மனிதனின் மூக்கும் நாக்கும்தான்!

அந்த மூக்கையும் நாக்கையும் எவ்வளவு தூரம் நம்பலாம்? இந்தக் கேள்வியால் பெரிய பெரிய ஆட்களின் மானம் போயிருக்கிறது. ஒருவன் ஜெயிலுக்கும் போயிருக்கிறான்.

குடிப்பதில்லை, துப்புகிறார்கள்

ஒயினை மதிப்பிடும் நிபுணர் அதைக் குடிப்பதில்லை. வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்பிவிடுகிறார். வெற்றிலை போடும் பெரியவர்களுக்குப் பக்கத்தில் படிக்கம் இருப்பதுபோல இவர்களுக்குப் பக்கத்திலும் ஒரு பாத்திரம் இருக்கும்.

ஒரே நாளில் பல புட்டிகளை ருசி பார்க்க வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் விழுங்கினால் பத்தாவது புட்டியிலேயே தலை சுற்றும். அப்புறம் எது உசத்தி, எது மட்டம் என்று எப்படிச் சொல்வது?

முதல் வேலை கண்ணுக்கு. வெள்ளைத் துணிக்கு மேலே கண்ணாடிக் கோப்பையைச் சாய்த்துப் பிடிக்கிறார்கள். விளிம்பில் என்ன நிறம் தெரிகிறது என்று பார்க்கிறார்கள். புது ஒயின் நாவல் பழம் தின்ற நாக்கின் நிறத்தில் இருக்கும். சில வருஷம் போனால் மாதுளை முத்தின் நிறம். இன்னும் வயதானால் விளிம்பு செங்கல் நிறமாகும். பிறகு பழுப்பு. தலைமுடி நரைப்பதைப் பார்த்து வயதைச் சொல்வதுபோலத்தான் இது.

அடுத்தது மூக்கு. கோப்பையைச் சுழற்றுகிறார்கள். காற்று பட்டால் மணம் கிளம்பும். கோப்பையின் வாய் குறுகலாக இருப்பதால் மணம் சிதறாமல் உள்ளேயே நிற்கும். மூக்கை உள்ளே விட்டு இழுக்கிறார்கள்.

ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலைதான். சளி பிடித்த நாளில் ரசம் எப்படி இருக்கிறது? புளிப்பும் உப்பும் உறைப்பும் தெரியும். ரசத்தின் வாசம் தெரியாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏலக்காயை மென்று பாருங்கள். மென்றபடியே மூக்கை விடுங்கள். அப்போதுதான் அது ஏலக்காய்!

புது ஒயினில் பழ வாசனை அடிக்கும். வயதான ஒயினில் பழம் மறைந்து வேறு வாசனைகள் வரும். காய்ந்த இலை, புகையிலை, பதப்படுத்திய தோல், காளான், மழை பெய்த மண். "இதையெல்லாம் அதில் போடுகிறார்களா?" என்று கேட்க வேண்டாம். போடுவதில்லை. புட்டிக்குள் நடக்கும் ரசாயன மாறுதலால் அந்த வாசனைகள் தாமாக உண்டாகின்றன.

கடைசியில்தான் நாக்கு. ஒரு மிடறு வாயில் விட்டு, உதட்டைக் குவித்து, சர்ரென்று காற்றை உள்ளே இழுக்கிறார்கள். பெரிய சத்தம் வரும். நம் வீட்டுப் பிள்ளைகள் இப்படிப் பாயசம் குடித்தால் முதுகில் ஒன்று விழும். அங்கே அதுதான் முறை! புளிப்பு எவ்வளவு, துவர்ப்பு எவ்வளவு, துப்பிய பிறகும் எத்தனை நொடி மணம் வாயில் நிற்கிறது என்று பார்க்கிறார்கள். நீண்ட நேரம் நின்றால் உசத்தி.

கெட்டுப்போன ஒயினைக் கண்டுபிடிப்பதும் அவர்கள் வேலை. காற்றுப் புகுந்து கெட்டது காடி வாடை அடிக்கும். தக்கை கெட்டிருந்தால் நனைந்த அட்டை வாடை வரும். ஐப்பசி மழையில் காயாத துணியை மடித்து வைத்தால் வருமே, அந்த வாடை. புட்டி லட்ச ரூபாய் ஆனாலும் அந்த வாடை வந்துவிட்டால் சாக்கடைக்குத்தான்.

வயதானால் என்ன ஆகிறது?

சிவப்புத் திராட்சையைப் பிழிந்தால் வரும் சாறு சிவப்பு அல்ல. பெரும்பாலும் வெளிறித்தான் இருக்கும். நிறம் தோலில் இருக்கிறது. தோலையும் விதையையும் சேர்த்து ஊறவைப்பதால் சாறு சிவப்பாகிறது. நிறத்தோடு துவர்ப்பும் இறங்குகிறது. பாக்கிலும், வாழைக்காய்த் தோலிலும், கடுந்தேயிலையிலும் இருக்கும் அதே துவர்ப்பு.

பிரான்சின் போர்தோ ஊர்ப் பக்கம் விளையும் திராட்சைக்குத் தோல் தடிமன். துவர்ப்பு அதிகம். அந்த ஒயினைப் புதிதாகக் குடித்தால் வாய் இழுத்துக்கொள்ளும். ஆகவே ஓக் மரப் பீப்பாயில் வைத்து, பிறகு புட்டியில் அடைத்து, தக்கை இறுக்கி, நிலவறையில் படுக்கவைக்கிறார்கள். படுக்கவைப்பதற்குக் காரணம் உண்டு. தக்கை எப்போதும் நனைந்து ஊறி இருக்க வேண்டும். காய்ந்தால் சுருங்கிவிடும். காற்றுப் புகுந்துவிடும்.

வருஷக்கணக்கில் புட்டிக்குள் துவர்ப்புப் பொருளும் நிறப் பொருளும் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, அடியில் மண்டியாகப் படிகின்றன. நிறம் வெளுக்கிறது. துவர்ப்பு அடங்குகிறது. அதனால்தான் பழைய புட்டியைத் திறந்ததும் ஊற்றமாட்டார்கள். புட்டியின் கழுத்துக்குப் பின்னால் மெழுகுவத்தியை ஏற்றிவைத்து, மெல்ல மெல்ல வேறு குடுவைக்கு மாற்றுவார்கள். மண்டி கழுத்துக்கு வருவது வெளிச்சத்தில் தெரிந்தவுடன் நிறுத்திவிடுவார்கள்.

எல்லா ஒயினும் வயதானால் நன்றாகிவிடுமா? இல்லவே இல்லை! உலகத்தில் செய்யும் ஒயினில் மிகப்பெரும்பகுதி ஒன்றிரண்டு வருஷத்தில் குடிப்பதற்கே செய்யப்படுகிறது. வைத்திருந்தால் பாழ். வைக்கத் தக்கதையும் 12, 13 டிகிரிக் குளிரில், இருட்டில், அசையாமல் வைக்க வேண்டும். சிவகாசியின் சித்திரை வெயிலில் ஒரு புட்டியை வராந்தாவில் விட்டால் அதற்கு முதுமை வராது. மரணம்தான் வரும்.

அரிக்கமேட்டு ஜாடிகள்

தமிழ்நாட்டுக்கும் வெளிநாட்டு ஒயினுக்கும் சம்பந்தம் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்கு வந்தபோது தொடங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். அது அவர்கள் வருவதற்கு ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

புதுச்சேரிக்குத் தெற்கே ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்வாராய்ச்சி செய்தார். மண்ணுக்குள்ளிருந்து இரண்டு கைப்பிடி வைத்த ஜாடிகளின் ஓடுகள் வந்தன. நம் ஊர்க் குயவர் செய்தவை அல்ல. மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து கப்பலில் ஒயினும் எண்ணெயும் கொண்டுவந்த ஜாடிகள்!

புறநானூற்றின் 56-ம் பாட்டிலும் இந்தச் செய்தி உண்டு. பாண்டியன் நன்மாறனைப் பாடும் நக்கீரர், யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைச் சொல்கிறார். அதில் எது நல்லது, எது காடியாகிப் போனது என்று அன்றைக்கும் யாராவது ஒருவர் முகர்ந்து பார்த்துத்தானே வாங்கியிருப்பார்?

ராஜா போட்ட பட்டியல்

பிரான்சில் 1855-ல் ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. அப்போதைய சக்கரவர்த்தி 3-ம் நெப்போலியன். அவருடைய பொருட்காட்சிக்காகப் போர்தோ வியாபாரிகள் தங்கள் வட்டாரத்து ஒயின்களைத் தரம் பிரித்து ஒரு பட்டியல் போட்டார்கள். ருசி பார்த்துப் போட்ட பட்டியல் அல்ல. அதுவரை எந்தத் தோட்டத்துச் சரக்கு என்ன விலைக்குப் போனது என்பதை வைத்துப் போட்டது.

சிவப்பில் முதல் வரிசையில் 4 தோட்டங்கள் இடம்பெற்றன. லஃபீத், லத்தூர், மர்கோ, ஓ பிரியோன். இரண்டாம் வரிசையில் வைக்கப்பட்ட மூத்தோன் தோட்டத்துக்காரர்கள் விடாமல் போராடி, 1973-ல் முதல் வரிசைக்கு ஏறினார்கள். முதல் வரிசைக்கு அப்படி ஏறிய தோட்டம் அது ஒன்றுதான். அந்த வரிசையில் நூற்றுப் பதினெட்டு வருஷத்தில் ஒரே ஒரு மாற்றம்!

இந்தப் பட்டியல் இன்றும் இருக்கிறது. பேர் போட்ட தோட்டத்து லேபிளைப் பார்த்தவுடன் நாக்கு மரியாதையாக எழுந்து நிற்கும்.

பாரீசில் ஒரு நாள்

1976 மே 24.

பாரீஸ் நகரில் ஸ்டீவன் ஸ்பரியர் என்று ஓர் ஒயின் கடைக்காரர் இருந்தார். இங்கிலாந்துக்காரர். அமெரிக்காவில் கலிபோர்னியா பக்கம் நல்ல ஒயின் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டார். பிரெஞ்சுக்காரர்களுக்கு அதைக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஒரு ஓட்டலில் ருசிப் போட்டி வைத்தார்.

நடுவர்கள் 9 பேர். 9 பேரும் பிரெஞ்சுக்காரர்கள். பெரிய ஓட்டல் முதலாளிகள், ஒயின் அதிகாரிகள், ஒயின் பத்திரிகை ஆசிரியை. நாக்குக்குப் பேர் போனவர்கள்.

சிவப்பு ஒயின் 10. அதில் 4 போர்தோவின் புகழ் பெற்ற தோட்டங்களில் செய்தது. 6 கலிபோர்னியாவில் செய்தது. வெள்ளை ஒயினுக்குத் தனிப் போட்டி. எந்தக் கோப்பையில் எது என்று நடுவர்களுக்குத் தெரியாது. லேபிள் கண்ணில் படாது. 20-க்கு மதிப்பெண் போட வேண்டும்.

போட்டியைப் பார்க்கப் பத்திரிகைக்காரர்களை அழைத்தார்கள். வந்தவர் ஒரே ஒருவர். "டைம்" பத்திரிகை நிருபர் ஜார்ஜ் டேபர். மற்றவர்கள் வரவில்லை. முடிவு தெரிந்த போட்டியைப் பார்க்க யார் வருவார்கள்? பிரான்சு ஜெயிக்கும்!

முதலில் வெள்ளை ஒயின். ஒரு நடுவர் ஒரு கோப்பையை ருசித்துவிட்டு, பிரான்சுக்குத் திரும்பி வந்துவிட்டோம் என்று மகிழ்ந்தார். டேபரிடம் எந்தக் கோப்பையில் எது என்ற பட்டியல் இருந்தது. பார்த்தார். நடுவர் கையில் இருந்தது கலிபோர்னியா ஒயின்!

வெள்ளையில் முதல் இடம் கலிபோர்னியாவின் மாந்தெலேனாவுக்குப் போனது. நடுவர்கள் திகைத்தார்கள். சிவப்பிலாவது பார்த்துக்கொள்ளலாம் என்று உஷாரானார்கள். அமெரிக்கச் சரக்கு என்று சந்தேகப்பட்டதற்குச் சிலர் மதிப்பெண்ணைக் குறைத்ததாகச் சொல்லப்படுகிறது.

சிவப்பு முடிவு வாசிக்கப்பட்டது.

இரண்டாம் இடம்: மூத்தோன், 1970-ம் வருஷத்து ஒயின்.

முதல் இடம்: கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப், 1973-ம் வருஷத்து ஒயின்!

மயிரிழை வித்தியாசம்தான். ஆனால் முதல் முதல்தானே! அந்தக் கலிபோர்னியாத் தோட்டத்துக்கு அப்போது வயது என்ன தெரியுமா? 1970-ல்தான் கொடி நட்டார்கள். நட்டவர் வாரன் வினியார்ஸ்கி. அதற்கு முன் சிகாகோவில் கல்லூரி விரிவுரையாளராக இருந்தவர். அவர் பெயருக்குப் போலந்து மொழியில் ஒயின் செய்பவரின் மகன் என்று அர்த்தமாம். பெயருக்கு ஏற்ற வேலை!

ஒரு நடுவர், பத்திரிகை ஆசிரியை, மதிப்பெண் தாளைத் திருப்பிக் கொடுக்கும்படி கேட்டார். ஸ்பரியர் கொடுக்கவில்லை. வந்திருந்த ஒரே ஒரு நிருபர் எழுதிய சிறு செய்தியால் உலகம் முழுவதும் விஷயம் பரவியது. அந்த 1973-ம் வருஷத்துப் புட்டி ஒன்று இப்போது வாஷிங்டனில் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

"கிழமானால் தெரியும்!"

பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பதில் சொன்னார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

"எங்கள் ஒயின் 6 வருஷத்தில் குடிக்கச் செய்தது அல்ல. இன்னும் குழந்தை. அமெரிக்க ஒயின் இளமையில் மினுக்கும். வயதானால் விழுந்துவிடும். 20, 30 வருஷம் கழித்துப் பாருங்கள்" என்பது அவர்கள் வாதம்.

சவால்தானே? பார்த்துவிட்டார்கள்!

10 வருஷம் கழித்து, 1986-ல், அதே சிவப்பு ஒயின்களை நியூயார்க்கில் மறுபடி ருசி பார்த்தார்கள். முதல் இடம் கலிபோர்னியாவுக்கே. அதாவது, முதல் போட்டியில் பின்வரிசையில் இருந்த வேறொரு கலிபோர்னியா ஒயினுக்கு.

2006 மே 24. சரியாக 30 வருஷம். லண்டனிலும் கலிபோர்னியாவிலும் ஒரே நாளில் போட்டி. இப்போது எல்லா ஒயினுக்கும் முப்பத்தைந்து வயதுக்குப் பக்கம். பிரெஞ்சுக்காரர் கேட்ட முதுமை வந்துவிட்டது. முதல் 5 இடங்களையும் பிடித்தவை கலிபோர்னியா ஒயின்கள்! முதல் இடம், ரிட்ஜ் மாண்டே பெல்லோ என்ற தோட்டத்தின் 1971-ம் வருஷத்துச் சரக்குக்கு. 1976-ல் அதற்குக் கிடைத்தது 5-ம் இடம்தான்.

இதனால் பிரெஞ்சு ஒயின் மட்டம் என்று ஆகிவிட்டதா? ஆகவில்லை. இன்றும் அதன் விலைதான் அதிகம். போட்டி வைத்த ஸ்பரியர் 2021-ல் காலமானார். வினியார்ஸ்கி 2024-ல், 95-வது வயதில்.

சிவகாசிக்குத் தெரிந்த ரகசியம்

லேபிளின் மகிமையைச் சிவகாசிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அங்கே தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். பெட்டி என்றால் மேலே ஒட்ட லேபிள் வேண்டும். லேபிள் தேவை வளர வளர அச்சகங்கள் வளர்ந்தன. பட்டாசுக்கும் படம் வேண்டும். காலண்டர் வந்தது. உள்ளே இருக்கும் குச்சி ஒன்றுபோல் இருந்தாலும், கடைக்கு வருகிறவர் "அந்தப் படம் போட்டது கொடுங்கள்" என்றுதான் கேட்பார்.

ஒயினிலும் அதே கதைதான். இதைப் போர்தோ சர்வகலாசாலையில் பிரெட்ரிக் புரோஷே என்பவர் பரீட்சை செய்து காட்டினார். சாதாரண ஒயின் ஒன்றை எடுத்தார். அதையே ஒரு முறை மட்டமான புட்டியிலும், இன்னொரு முறை உசத்தியான தோட்டத்துப் புட்டியிலும் ஊற்றிக் கொடுத்தார். உசத்திப் புட்டியில் வந்தபோது புகழ்ந்தார்கள். மட்டமான புட்டியில் வந்தபோது குறை சொன்னார்கள். இரண்டும் ஒன்றே!

அவரும் அவருடைய கூட்டாளிகளும் 2001-ல் வெளியிட்ட இன்னொரு ஆராய்ச்சி இன்னும் வேடிக்கை. வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து, ஒயின் படிப்புப் படிக்கும் 54 மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வாசனைகளையே அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். கண் சொன்னதை மூக்கு ஆமோதித்துவிட்டது.

கலிபோர்னியாவில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற ஓய்வு பெற்ற பேராசிரியர், நடுவர்களையே பரீட்சித்தார். ஒரே புட்டியிலிருந்து ஊற்றிய ஒயினை மற்றவற்றோடு கலந்து மூன்று முறை கொடுத்தார். மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே தரம் போட்டவர்கள் பத்தில் ஒருவர்தான்! 2008-ல் இது வெளியானது.

இதைக் கேட்டுவிட்டு "எல்லாம் பித்தலாட்டம்" என்று சொல்வது தவறு. காறிப்போன எண்ணெயையும் நல்ல எண்ணெயையும் பழகிய மூக்கு பிரித்துவிடும். அதில் சந்தேகம் இல்லை. உசத்தி, அதைவிட உசத்தி என்று நூலிழை பிரிக்கும்போதுதான் தடுமாற்றம். அந்தத் தடுமாற்றத்தில்தான் லேபிள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பணமும் அங்கேதான் இருக்கிறது.

சமையலறையில் செய்த "பழைய" ஒயின்

ரூடி குர்னியாவன். இந்தோனேசியாவில் பிறந்தவன். அமெரிக்காவில் வந்து வாழ்ந்தவன். நல்ல உடை, நல்ல பேச்சு. அவன் நாக்கைப் பார்த்துப் பணக்காரர்கள் வியந்தார்கள். லேபிளைப் பார்க்காமலே இன்ன தோட்டம், இன்ன வருஷம் என்று சொல்வானாம்.

அவன் தன்னிடம் இருந்த பழைய பிரெஞ்சுப் புட்டிகளை ஏலம் விட்டான். 2006 அக்டோபரில் நடந்த ஒரே ஏலத்தில் 2 கோடியே 47 லட்சம் டாலருக்கு விற்றது!

2008 ஏப்ரலில் மறுபடி ஏலம். அதில் பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தைச் சேர்ந்த பொன்சோ குடும்பத்தின் பழைய புட்டிகளும் இருந்தன. "குளோ சேன் தெனி" என்ற தோட்டத்து ஒயின். 1945-லிருந்து 1971 வரை பல வருஷத்துச் சரக்கு என்று லேபிள் சொன்னது.

அந்தக் குடும்பத்தின் லோரான் பொன்சோ இதைக் கேள்விப்பட்டார். அதிர்ந்துபோனார். ஏனென்றால், அந்தத் தோட்டத்து ஒயினை அவர்கள் குடும்பம் செய்யத் தொடங்கியதே 1980-களில்தான்! பிறக்காத பிள்ளைக்குப் பள்ளிச் சான்றிதழ்!

பொன்சோ விமானம் ஏறி நியூயார்க்கில் ஏல மண்டபத்துக்கே வந்துவிட்டார். அந்தப் புட்டிகள் ஏலத்திலிருந்து எடுக்கப்பட்டன. "இவை உனக்கு எங்கே கிடைத்தன?" என்று குர்னியாவனைக் கேட்டார். "பாக் ஹெந்த்ரா" என்று ஒரு பெயரைச் சொன்னான். இந்தோனேசியாவில் "பாக்" என்பது ஐயா என்பதுபோல ஒரு மரியாதைச் சொல். ஹெந்த்ரா அங்கே சர்வ சாதாரணமான பெயர். விருதுநகருக்கு வந்து "முருகன் அண்ணாச்சியிடம் வாங்கினேன்" என்று சொன்னால் எந்த முருகன் அண்ணாச்சியைத் தேடுவது?

2012 மார்ச்சில் போலீசார் அவன் வீட்டுக்குள் புகுந்தார்கள். உள்ளே பெரிய பெரிய தோட்டங்களின் பெயர் அச்சிட்ட லேபிள்கள், ஆயிரக்கணக்கில். பழைய தக்கைகள். முத்திரைகள். லேபிள் உரிய ஊறப்போட்ட புட்டிகள். எதை எதோடு கலந்தால் எந்தப் பழைய ஒயின் மாதிரி இருக்கும் என்ற குறிப்புகள். வீடு முழுவதும் தொழிற்சாலை!

2013 டிசம்பரில் கோர்ட்டு அவனைக் குற்றவாளி என்றது. 2014-ல் 10 வருஷம் ஜெயில் தண்டனை. ஏமாந்தவர்களுக்கு 2 கோடியே 84 லட்சம் டாலர் கொடுக்கவும் உத்தரவு. 2021-ல் அவனை இந்தோனேசியாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதில் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவன் கலந்து கொடுத்ததை அனுபவசாலிகளும் குடித்துப் புகழ்ந்தார்கள். அவனைப் பிடித்தது எந்த நாக்கும் அல்ல. லேபிளில் இருந்த ஒரு தேதி!

அணுகுண்டும் தக்கையும்

1985 டிசம்பரில் லண்டனில் ஒரே ஒரு புட்டி 1,05,000 பவுண்டுக்கு ஏலம் போனது. 1787-ம் வருஷத்து லஃபீத் என்றார்கள். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜெபர்சனுடைய புட்டி என்றார்கள். அவர் பெயரின் எழுத்துக்கள் கண்ணாடியில் செதுக்கியிருந்தன. வாங்கிய போர்ப்ஸ் குடும்பத்தார் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். விளக்குச் சூட்டில் தக்கை காய்ந்து சுருங்கி, புட்டிக்குள்ளேயே விழுந்துவிட்டது. லட்சம் பவுண்டு காற்றுக்குத் திறந்தது!

அதே வகைப் புட்டிகள் நாலை வாங்கிய பில் கோக் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரருக்குப் பின்னால் சந்தேகம் வந்தது. திறக்காமல் வயதைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும்! பிலிப் ஊபேர் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி ஒரு வழி கண்டிருந்தார்.

1945-லிருந்து அணுகுண்டுகள் வெடிக்கத் தொடங்கின. அதனால் சீசியம்-137 என்ற பொருள் காற்றில் பரவியது. உலகத்துத் திராட்சையில் எல்லாம் அணுவளவு கலந்தது. அதற்கு முந்திய ஒயினில் அது இருக்காது. அது விடும் கதிரைப் புட்டிக்கு வெளியே இருந்தே அளக்கலாம்.

கோக்கின் புட்டியைச் சோதித்தார்கள். சீசியம் இல்லை. ஆகவே உள்ளே இருப்பது பழசுதான். ஆனால் எவ்வளவு பழசு? 1787-ஆ, 1940-ஆ? அதைக் கருவி சொல்லாது. கடைசியில், கண்ணாடியில் செதுக்கிய எழுத்தைப் பரிசோதித்தார்கள். அது மின்சாரக் கருவியால் செதுக்கியது என்று நிபுணர்கள் சொன்னார்கள். ஜெபர்சன் காலத்தில் மின்சாரக் கருவி ஏது?

வீட்டிலேயே ஒரு பரீட்சை

லேபிளை மறைத்துப் பார்க்கும் வித்தைக்கு மது வேண்டியதில்லை. குன்னூரில் தேயிலை ஏலத்துக்கு முன் நிபுணர்கள் வரிசையாக வெள்ளைக் கோப்பைகளை வைத்து, உறிஞ்சி, துப்பித்தான் மதிப்பிடுகிறார்கள். வீட்டில் இரண்டு கம்பெனி நல்லெண்ணெய் இருந்தாலே போதும். காப்பித்தூளும் ஆகும். கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சையும் வேறு திராட்சையும் இருந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

"எனக்கு இந்தக் கம்பெனிக் காப்பிதான் பிடிக்கும்" என்று பிடிவாதம் செய்கிறவரை உட்காரவைக்க வேண்டும். ஒரே மாதிரி மூன்று டம்ளர். இரண்டில் ஒரே காப்பி. ஒன்றில் மட்டும் வேறு. பாலும் சர்க்கரையும் சூடும் ஒரே அளவு. எது தனி என்று அவர் சொல்ல வேண்டும்.

ஒரு தடவை சரியாகச் சொன்னால் போதாது. குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும். டம்ளர்களை மாற்றி மாற்றி வைத்து நாலு தடவை கேட்க வேண்டும். நாலும் சரி என்றால் ஆள் கெட்டிக்காரர். குருட்டு அதிர்ஷ்டத்துக்கு அங்கே 81-ல் ஒரு பங்குதான் இடம்.

டம்ளரை நீட்டுகிறவருக்கும் எதில் எது என்று தெரியக் கூடாது. காப்பியைக் கலந்தவர் அடுக்களையிலேயே இருந்துவிட வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தே விடையைச் சொல்லிவிடும் கெட்டிக்காரர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள்.